மங்கா என்றால் சண்டை மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெறும் கத்தல், சண்டை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார் கட்டுரையாளர். முத்து காமிக்ஸோடு நின்றுபோன ஆள் நான். கல்லூரியில் படிக்கும் மகள் சொல்லித்தான் அண்மையில் முதன்முதலாக ஒரு மங்காவைக் கையில் எடுத்தேன். கெய்ஜி நகஸாவாவின் 'பேர்ஃபுட் கென்', முதல் தொகுதி, ஆங்கிலத்தில்.

1945, ஹிரோஷிமா. கென்னின் அப்பா போரை எதிர்த்துப் பேசுகிறவர். அக்கம்பக்கத்தார் துரோகி என்று ஏசுகிறார்கள். வீட்டில் பசி. கென்னும் தம்பி ஷின்ஜியும் சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு அடித்துக்கொள்கிறார்கள், பாடுகிறார்கள், சேட்டை செய்கிறார்கள். உருண்டைக் கண்களோடு எல்லாம் கேலிச்சித்திர முகங்கள். தம்பி ஏங்கிக் கிடந்த பொம்மைக் கப்பலைக் கென் எப்படியோ கொண்டுவந்து கொடுக்கிறான். கடைசியில் குண்டு விழுகிறது. இடிந்த வீட்டுக்கு அடியில் அப்பா, அக்கா, தம்பி, தீ நெருங்குகிறது. தம்பி கையில் அந்தக் கப்பல். இப்போதும் அதே உருண்டைக் கண் முகங்கள்தான், வரையும் பாணியை மனுஷன் மாற்றவே இல்லை! நான் படித்து வளர்ந்த காமிக்ஸில் ஒரு கட்டத்தில் குண்டு வெடித்தால் அடுத்த கட்டத்தில் ஹீரோ ஜீப்பில் போய்க்கொண்டிருப்பார். இங்கே அந்தச் சில நிமிடங்கள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. புரட்டித் தள்ள முடியவில்லை.

குண்டு விழுந்தபோது நகஸாவாவுக்கு வயது 6. பள்ளிக்கூடத்து மதில் மறைத்ததால் பிழைத்தவர். அவர் வீட்டிலும் கதையில் வருவதுபோலத்தான் நடந்தது; அதை அம்மா சொல்லித்தான் அறிந்தார். 1966இல் அந்த அம்மா இறந்து, தகனத்துக்குப் பிறகு எடுத்துவைக்க எலும்புகூட மிஞ்சவில்லை, வெறும் சாம்பல். கதிர்வீச்சு அதையும் தின்றுவிட்டது என்ற கோபத்தில்தான் அணுகுண்டைப் பற்றி வரையத் தொடங்கினார். 'கென்' 1973இல் தொடராக வெளிவரத் தொடங்கிய இதழ் எது தெரியுமா? 'ஷோனென் ஜம்ப்'. பின்னாளில் 'டிராகன் பால்', 'நருட்டோ' போன்ற சண்டை மங்காக்கள் எல்லாம் வந்த அதே சிறுவர் வார இதழ்.

கட்டுரையாளர் சொன்ன கத்தல் இதிலும் இல்லாமல் இல்லை. எதற்கெடுத்தாலும் அறை, அழுகை. போர் வேண்டாம் என்கிற அப்பாவே பிள்ளைகளைப் போட்டுச் சாத்துகிறார். அது எனக்கும் பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்றால், அதுவும் யோசிக்க வேண்டியதுதான். ஹிரோஷிமா நகரக் கல்வி வாரியமே 2023இல் தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து இதை நீக்கிவிட்டது. ஆனாலும் நீக்கியது சரியில்லை என்பது என் கட்சி.

ஜப்பானில் சிறுவர், சிறுமியர், வளர்ந்த ஆண்கள், பெண்கள் என்று வாசகர் பார்த்துத் தனித்தனி மங்கா இதழ்கள் உண்டு. நான் போன புத்தகக் கடையில் எல்லாவற்றையும் குழந்தைகள் அலமாரியில் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். எந்த வயதுக்கு எது என்று பெற்றோருக்குச் சொல்லும் கட்டுரை ஒன்றை அடுத்த இதழ்களில் வெளியிட முடியுமா? அதே கட்டுரையாளர் எழுதினாலும் சரி, ஆனால் இந்தத் தடவையாவது இரண்டு மங்காவை முழுதாகப் படித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை