டிவி சேனல் கட்டணங்களுக்கு விதி போடும் டிராய் ஆணையத்தின் தலைவருக்கு நீரோடியிலிருந்து ஒரு மடல்

ஐயா,

தமிழ்நாட்டுக் கடற்கரையின் கடைசி ஊர் எங்களுடையது. கொஞ்சம் நடந்தால் பொழியூர், அது கேரளம். தூத்தூரிலிருந்து இங்குவரை எந்த ஊருக்குப் போனாலும் மணலில் கால்பந்து உருளும்.

எங்கள் கிளப்பில் ஒரு டிவி, அதன் மேல் ஒரு பிஸ்கட் டின். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள். மாதக் கடைசியில் கேபிள்காரர் எண்ணி எடுத்துக்கொண்டு போவார். முன்பெல்லாம் மிச்சக் காசில் கட்டஞ்சாயா குடிப்போம். இப்போது டின்னைக் கவிழ்த்தாலும் பத்துவதில்லை. “பந்து காட்டுற சேனல் மட்டும் போதும் அண்ணே” என்றால், “தனியா எடுத்தா கட்டாது தம்பி, பேக்காவே எடுத்துக்க” என்கிறார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சேனல்களின் கூட்டுவிலையில் 45 சதவீதம் வரை தள்ளுபடி கொடுத்துப் பேக் விற்கலாம் என்று 2022 நவம்பரில் அனுமதித்தது நீங்கள்தான். அதற்குப் பிறகு தனிச் சேனலை யார் வாங்குவார்? பந்துக்காகப் பேக் எடுத்து, பொம்மைப் படத்துக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறோம்.

எல்லை ஊர் என்பதால் இன்னொரு தண்டமும் உண்டு. ஐ.எஸ்.எல். என்கிற இந்தியக் கால்பந்து லீக் ஆட்டத்தை மலையாளத்தில் கேட்டே பழகிவிட்டோம். வர்ணனையாளர் ஷைஜு தாமோதரன் தொண்டை கிழியக் கத்தினால்தான் கோல் விழுந்த மாதிரி இருக்கும். ஆனால் இந்தப் பக்கத்துப் பேக்கில் தமிழ்ச் சேனல்கள்தான். மலையாளத்துக்குத் தனிக் காசு.

இது போக, இணைப்புக்கென்று மாதாமாதம் கட்டும் நெட்வொர்க் கட்டணம். 2019-இல் முதல் 100 சேனலுக்கு 130 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்றீர்கள், ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு. 2024 ஜூலையில் அந்த வரம்பையும் எடுத்துவிட்டு, சந்தையே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டீர்கள். எங்கள் தெருவுக்கு வருவது ஒரே ஒரு கேபிள், ஐயா. இதில் சந்தை எங்கே இருக்கிறது?

மொபைலில் பார்க்கலாமே என்பார்கள். 2022 உலகக் கோப்பையை ஜியோ சினிமாவில் ஓசியில்தான் பார்த்தோம். இப்போது இங்கிலாந்தின் பிரீமியர் லீக்குக்கு ஒரு ஆப், ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்குக்கு வேறொன்று, இரண்டுக்கும் சந்தா. முப்பது பேர் ஒரு போனை எட்டிப் பார்ப்பதும் நடக்கிற காரியமா?

மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலம். ஆழ்கடல் போகிறவர்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். கையில் காசு இருக்காது. 2026 உலகக் கோப்பைக்குக் குறித்த நாட்களும் ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை! ஒரு தொடர் நடக்கும் நாட்களுக்கு மட்டும், அதைக் காட்டும் ஒரே சேனலை, கட்டுபடியாகும் விலையில் எடுக்க ஒரு விதி போடுங்கள். தொடர் முடிந்த மறுநாளே நிறுத்திக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நீரோடி கிளப்பில் டின்னுக்குப் பொறுப்பானவன்