இடைவெளியைச் சுருக்குவதற்கு முன்

அன்புள்ள ஆய்வு மாணவருக்கு,

வணக்கம். கரிமச் சூரிய மின்கலங்களுக்காக நீங்கள் வடிவமைத்திருக்கும், ஒற்றை, இரட்டைப் பிணைப்புகள் மாறி மாறி வரும் கான்ஜுகேட்டட் பாலிமர்களின் பட்டியலைப் படித்தேன். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைந்த ஆற்றல் இடைவெளியையே (எலக்ட்ரான் நிரம்பிய மட்டத்துக்கும் காலி மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு) நாடுகிறது. காரணம் புரிகிறது. பரவலாக ஆராயப்பட்ட பாலிமரான பி3எச்டி (P3HT) ஏறத்தாழ 650 நானோமீட்டர் வரைதான் ஒளியை உறிஞ்சுகிறது; சூரிய ஒளியின் ஃபோட்டான்களில் பெரும்பாலானவை அதற்கு அப்பால்தான் இருக்கின்றன. எலக்ட்ரான் வழங்கும் அலகையும் ஏற்கும் அலகையும் மாறி மாறிக் கோத்தால் அந்த எல்லை நீளும் என்பதும் உண்மையே.

ஆனால் இடைவெளி எந்தப் பக்கத்திலிருந்து சுருங்குகிறது என்று பார்த்தீர்களா? வழங்கும் அலகை வலுப்படுத்தினால் ஹோமோ (நிரம்பியவற்றுள் மிக உயர்ந்த) மட்டம் மேலேறும். மின்கலத்தின் திறந்த சுற்று மின்னழுத்தமோ (மின்னோட்டம் எடுக்காதபோது உள்ளது) பாலிமரின் ஹோமோவுக்கும் அதனோடு கலந்து எலக்ட்ரானைப் பெறும் பொருளான ஏற்பியின் லூமோவுக்கும் (காலியானவற்றுள் மிகத் தாழ்ந்த மட்டம்) உள்ள வேறுபாட்டைச் சார்ந்தது என்பதால், மின்னோட்டத்தில் ஈட்டியதை மின்னழுத்தத்தில் இழக்க நேரிடும். மாறாக, பாலிமரின் லூமோவை மிகவும் இறக்கினால், எக்ஸிட்டானில் (ஒளியை உறிஞ்சியதும் உருவாகும் எலக்ட்ரான்-துளை இணை) உள்ள எலக்ட்ரான் ஏற்பிக்குத் தாவக் காரணமே இல்லாமல் போகலாம்.

முன்பு பயன்பட்ட ஃபுல்லரீன் (கூண்டு வடிவக் கார்பன் மூலக்கூறு) ஏற்பிகள் கண்ணுறு ஒளியை அதிகம் உறிஞ்சாததால், அன்று ஒளியை உறிஞ்சும் சுமை முழுவதும் பாலிமர் மீதே விழுந்தது. 2019-இல் அறிவிக்கப்பட்ட, ஃபுல்லரீன் அல்லாத ஒய்6 (Y6) ஏற்பியோ 900 நானோமீட்டர் வரை தானே உறிஞ்சுகிறது. அதனோடு இணைந்து 15 விழுக்காட்டுக்கு மேல் செயல்திறன் தந்த பிஎம்6 பாலிமரின் இடைவெளி சுமார் 1.8 எலக்ட்ரான் வோல்ட். பி3எச்டியினுடையதைவிடப் பெரிதாகக் குறைந்ததன்று. அதன் பக்கத் தயோஃபீன் வளையங்களில் ஏற்றிய ஃப்ளூரின், ஹோமோவை ஆழமாக்கி மின்னழுத்தத்தைக் காத்தது. ஆகவே, ஏற்பி எதுவென்று முடிவு செய்த பிறகே பாலிமரை வரையுங்கள்.

பாலிமரின் முதுகெலும்பிலிருந்து கிளைக்கும் பக்கச் சங்கிலிகளை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்குச் சற்று வருத்தமே. கணக்கீட்டில் அவற்றைச் சிறிய மெதில் தொகுதியாகச் சுருக்கிவிடுகிறோம். எனவே கரைதிறனைப் பற்றி அந்த எண்கள் எதுவும் சொல்வதில்லை. சங்கிலி மிகக் குட்டையானால், வினை நடக்கும்போதே பாலிமர் வீழ்படிவாகிவிடும். சூடான குளோரோபென்சீனில் நெடுநேரம் கலக்கினாலும் கரையாத கருஞ்செதில்கள் வடிகட்டியில் தங்கும். மிக நீண்டு பருத்தால், ஒளியை உறிஞ்சாத அந்தப் பகுதி படலத்தில் இடத்தை அடைப்பதோடு, அடுத்தடுத்த சங்கிலிகள் நெருங்கி அடுக்குவதையும் கெடுக்கும். எக்ஸிட்டான் பொதுவாக 10 நானோமீட்டர் அளவே பயணிக்கும் என்பதால், ஏற்பியோடு பாலிமர் எவ்வளவு நுணுக்கமாகக் கலக்கிறது என்பதையும் இச்சங்கிலிகள் பெரிதும் பாதிக்கின்றன.

பட்டியலின் முதல் பாலிமரை 2-எதில்ஹெக்ஸில் சங்கிலியுடன், ஃப்ளூரின் ஏற்றியும் ஏற்றாமலும் தயாரித்து, இரண்டின் ஹோமோ மட்டங்களையும் சுழல் வோல்டாமெட்ரியில் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பதியும் முறை) அளந்து அனுப்புங்கள். மற்றவற்றை அதன் பின் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் ஆய்வுத்துறை மூத்தவன்