உச்சியைத் தொட்டாயா என்று கேட்டாயே

அன்புள்ள ரூம்மேட்டுக்கு,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மறுநாளே சீரியல் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள் என்றால் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. பையனுக்கு எம்.டி. சீட் கிடைத்ததற்குத் தனியாகப் போன் பண்ணுகிறேன். பீடியாட்ரிக்ஸ் எடுத்தால் தூக்கம் போய்விடும் என்று அவனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

கடைசியில் ஒற்றை வரியில் கேட்டிருந்தாய், "உச்சியைத் தொட்டியாடி?" என்று. இல்லை, தொடவில்லை. நம் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்ட செய்தியைப் பார்த்திருப்பாய்: நோயாளிக்காக உச்சியை விட்டுக்கொடுத்த டாக்டர், கைதட்டும் பொம்மைகள் நாற்பது. அந்தக் கதையில் பாதிதான் உண்மை. மீதியை உனக்கு மட்டும் எழுதுகிறேன், குரூப்பில் போட்டுவிடாதே.

நான் போனது நேபாளத்தில் ஐலண்ட் பீக், அங்கே இம்ஜா ட்சே என்கிறார்கள். 6,100 மீட்டரைத் தாண்டும் மலை. இதன் உச்சியை முதன்முதலில் தொட்டவர்கள் 1953-இல் எவரெஸ்ட் ஏறுவதற்கு முன் பழகிப் பார்க்க வந்தவர்கள்தான், டென்சிங்கும் அந்தக் குழுவில் இருந்தார். மலையேற்றமும் வகுப்பும் சேர்ந்த பயணம் எங்களுடையது. டாக்டர்களும் நர்ஸ்களுமாக எட்டுப் பேர், ஒரு ஷெர்பா தலைவர், பாடம் நடத்த ஒரு நேபாளி டாக்டர். ஆஸ்பத்திரி எட்டாத இடத்தில் வைத்தியம் பார்ப்பது எப்படி என்பதுதான் பாடம். முப்பது வருஷம் மயக்க மருந்து கொடுத்தவளுக்கு இதில் புதிதாக என்ன இருக்கப் போகிறது என்ற நினைப்போடுதான் விமானம் ஏறினேன். லுக்லா ஓடுதளத்தைப் பார்த்ததுமே அதில் பாதி போய்விட்டது. மீதி நாம்சே பஜாரில் போயிற்று.

நாம்சே 3,440 மீட்டர். அங்கேதான் முதல் ஒத்திகை. ஒருவர் சரிவில் விழுந்து கிடப்பது போல் நடிக்கிறார், நெற்றியில் பீட்ரூட் சாறு. நான் பாய்ந்து போய்த் தாடையைத் தூக்கி மூச்சுப் பார்க்கிறேன். பின்னாலிருந்து வாத்தியார், "இரண்டு பேர் செத்துப்போனார்கள்" என்றார், அலட்டிக்கொள்ளாமல். நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே மண்ணில் பாதி புதைந்த பாறைகள், எந்த நேரமும் உருளக்கூடியவை. அவரை அடித்த கல் வந்த வழியில்தான் நான் மண்டியிட்டிருக்கிறேன். முதலில் இடத்தைப் பார், அப்புறம் ஆளைப் பார். ஆபரேஷன் தியேட்டரில் கூரை விழுமா என்று நாம் என்றைக்காவது பார்த்திருக்கிறோமா?

டிங்போச்சே போனபோது (4,410 மீட்டர்) விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தால் என் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 84. நம் ரெகவரி வார்டில் 84 என்று மானிட்டர் காட்டினால் நான் சாப்பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டு ஓடுவேன். இங்கே சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்கிற அத்தனை பேரும் எண்பதுகளில்தான். விரல் சில்லிட்டிருந்தால் அந்த எண்ணையும் நம்ப முடியாது, அக்குளில் வைத்துச் சூடேற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். "எண்ணைப் பார்க்காதே, நேற்று நடந்தவர் இன்று எப்படி நடக்கிறார் என்று பார்" என்பார் வாத்தியார். காற்றில் ஆக்சிஜன் அங்கேயும் அதே 21 சதவீதம்தான், அழுத்தம்தான் குறைகிறது. 5,500 மீட்டர் வாக்கில் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. உனக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்தப் பாதி எப்படி இருக்கும் என்பது ஷூ லேஸ் கட்டக் குனிந்து நிமிரும்போதுதான் தெரிகிறது.

அங்கே ஒரு ராத்திரிக் கூத்து. என்னோடு அறையில் ஸ்காட்லாந்து நர்ஸ் ஒருத்தி. நடுராத்திரியில் விழிப்பு வந்தது, அவள் மூச்சுச் சத்தத்தைக் காணோம். ஐந்து, எட்டு, பன்னிரண்டு வரை எண்ணினேன். அதற்கு மேல் முடியவில்லை, எழுந்து போய் இருட்டில் தாடையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். அவள் போட்ட அலறலில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். அந்த உயரத்தில் தூக்கத்தில் மூச்சு அப்படித்தான் வருமாம்: வேகமாக நாலைந்து, பிறகு நிற்கும், பிறகு மறுபடி. வேகமாக மூச்சு விட்டு விட்டுக் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோவதால், மூளை கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் அசிட்டசோலமைடு, நம் ஊரில் கண் அழுத்தத்துக்குக் கொடுக்கிற மாத்திரை. 125 மில்லிகிராம், காலையும் இரவும். சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றும், உடம்பு உயரத்துக்குச் சீக்கிரம் பழகும். விரல் நுனி சுறுசுறுக்கும், சோடா குடித்தால் சகிக்காது, ராத்திரி மூன்று முறை எழுப்பிவிடும். மைனஸ் பத்தில் வெளியே இருக்கும் கக்கூஸுக்கு மூன்று முறை போகச் சோம்பல்பட்டு, யாரிடமும் சொல்லாமல் நான் மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

ஆமாம், அங்கேதான் ஆரம்பித்தது.

தினமும் காலை டீயோடு ஒரு சின்ன நோட்டு வரும். தலைவலி, வயிறு, அசதி, தலைசுற்றல் என நாலு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை நாமே மார்க் போட வேண்டும். லேக் லூயிஸ் ஸ்கோர் என்று பெயர். தலைவலியும் இருந்து மொத்தம் 3 வந்தால் மலை நோய். முன்பு தூக்கத்துக்கும் மார்க் இருந்தது, 2018-இல் எடுத்துவிட்டார்கள், அந்த உயரத்தில் எவனுக்கும்தான் தூக்கம் வருவதில்லையே. டிங்போச்சேயில் இரண்டாம் நாள் காலை எனக்கு நெற்றிப்பொட்டில் சுத்தியல் வைத்துத் தட்டுகிற மாதிரி வலி. சாதம் தொண்டையில் இறங்கவில்லை. நீ கொடுத்தனுப்பிய பூண்டு ஊறுகாயை மோந்து பார்த்தாலே குமட்டியது. (மற்றவர்கள் அந்த பாட்டிலை அன்றே காலி பண்ணினார்கள்.) நேர்மையாகப் போட்டிருந்தால் 4. நான் நாலு சைபர் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். எத்தனை கேஸ் ஷீட்டில் நோயாளி சொல்வதை அப்படியே நம்பி எழுதியிருக்கிறோம், யோசித்துப் பார்!

அன்று மதியம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் பெரிச்சேக்குக் கூட்டிப்போனார்கள். ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது, 1973-இல் தொடங்கிய அமைப்பு. சீசனில் மதியம் மலை நோய் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள். அவர்கள் சொல்வது மூன்றே விஷயம். மேலே உடம்புக்கு எது வந்தாலும், வேறு என்று தெரியும்வரை அது மலை நோய்தான். அறிகுறியோடு மேலே ஏறாதே. மோசமானால் உடனே இறங்கு. நான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன், ஆட்டும்போதெல்லாம் வலித்தது.

காமோவ் பை என்று ஒன்று காட்டினார்கள். ஆளை உள்ளே படுக்கவைத்து ஜிப்பை மூடி, காலால் மிதித்துக் காற்றடிப்பது. உள்ளே அழுத்தம் ஏறி, 1,500 மீட்டருக்கு மேல் கீழே இறங்கின மாதிரி ஆகிவிடும். மிதிப்பதை நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் உள்ளே இருப்பவர் தன் மூச்சையே திரும்பச் சுவாசிப்பார். யார் உள்ளே போகிறீர்கள் என்றதும் நான் முந்திக்கொண்டேன். எல்லாரும் என் ஆர்வத்தை மெச்சினார்கள். பத்து நிமிஷம் தலைவலி குறையுமா என்ற நப்பாசையடி! குறைந்தது. வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது.

நான் இந்தியா என்றதும் வாத்தியார் ஒன்று சொன்னார். 1962 சண்டையை ஒட்டி நம் வீரர்களைச் சமவெளியிலிருந்து விறுவிறுவென்று இமயத்தின் மேல் கொண்டுபோனார்களே, அவர்களில் 1,925 பேருக்கு வந்த மலை நோயை நம் ராணுவ டாக்டர்கள் எழுதி வைத்த கட்டுரை 1969-இல் வெளிவந்ததாம். இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறார்களாம். பெரியாஸ்பத்திரியில் ஐந்தரை வருஷம் குப்பை கொட்டினோமே, நமக்கு இதை யாராவது சொன்னார்களா?

மறுநாள் சுக்குங், 4,730 மீட்டர். மலைக்கு முந்தின கடைசி ஊர். அங்கே தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், கொதிக்கிற டீயைக் கடகடவென்று குடிக்கலாம். எங்கள் சுமை தூக்கிகளில் ஒரு பையன், இருபது இருபத்தொன்று இருக்கும். ஷெர்பா இல்லை, கீழே மிதமான மலையூரிலிருந்து கூலிக்கு வந்தவன். நம்மைப் போலவே அவன் உடம்புக்கும் அந்த உயரம் புதிது. வெளிநாட்டுக்காரர்கள் நினைப்பது என்னவோ, நேபாளத்தில் பிறந்தவனுக்கெல்லாம் மலை பழக்கம் என்று. முதல் நாளெல்லாம் எனக்கு முன்னால் ஓடியவன், அன்று சமதரையில் எனக்குப் பின்னால் வந்தான். "நேற்று நடந்தவர் இன்று எப்படி நடக்கிறார்." ராத்திரி எட்டு மணிக்கு அடுப்படி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், இருமிக்கொண்டே. கேட்டால் ஒன்றுமில்லை என்று சிரிக்கிறான். உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு நிமிஷத்துக்கு 34. ஸ்டெதஸ்கோப் மேலறையில் இருந்தது. சட்டையைத் தூக்கி வலது அக்குளுக்குக் கீழே காதை வைத்தேன். காதோரத்து முடியை விரலால் உருட்டினால் வருமே, அந்தச் சத்தம். செகண்ட் இயரில் நமக்கு அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள்! நுரையீரலில் நீர். விரலைச் சூடேற்றிப் பார்த்தால் 61.

இரண்டு நாளாக இருமலாம். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மீதி நாள் கூலி போய்விடும். அதனால் சொல்லவில்லை. மொழிபெயர்த்துச் சொன்ன ஷெர்பா தலைவர் அவனைத் திட்டத் தொடங்கினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவனாவது கூலிக்காக மறைத்தான். நான்?

சிலிண்டர் ஆக்சிஜன் வைத்தோம். நிஃபெடிபின் 30 மில்லிகிராம், மெல்லக் கரைகிற மாத்திரை. நாம் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது பிரஷரைக் குறைக்கக் கேப்சூலை ஊசியால் குத்தி நாக்குக்கடியில் பிழிந்துவிட்டோமே, அதே மருந்துதான். இங்கே அப்படிச் செய்தால் பிரஷர் மொத்தமாக இறங்கி ஆளே போய்விடுவான், முழுங்கத்தான் வேண்டும். குளிரில் நுரையீரல் ரத்தக் குழாய்கள் இன்னும் இறுகும் என்று இரண்டு தூக்கப் பைக்குள் விட்டு, அக்குளில் சுடுதண்ணீர் பாட்டில் வைத்துப் பார்சல் பரோட்டா மாதிரி சுற்றினோம். சாய்த்து உட்காரவைத்தோம். ஆனால் இதெல்லாம் துணைதான், மருந்து என்பது இறங்குவது. ஒரு அடிகூட அவன் நடக்கக் கூடாது. லாட்ஜ்காரர் குதிரை கொடுத்தார். கூட ஒரு டாக்டர் போக வேண்டும், யார் என்றபோது நான் கை தூக்கினேன்.

இதுதான் நீ கைதட்டிய இடம். உண்மை என்னவென்றால், அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நான் கக்கூஸுக்குப் பின்னால் ஹெட் லைட் வெளிச்சத்தில் குதிகாலும் நுனிவிரலும் தொட நேர்கோட்டில் நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தடுமாறினால் மூளை வீங்குகிறது என்று அர்த்தம். தடுமாறவில்லை. ஆனால் அடுத்த நாள் 5,100-க்கு ஏறினால் தடுமாறுவேன் என்று பயமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், அத்தனை லட்சம் கட்டிவிட்டு, தலைவலி என்று சொல்ல வெட்கம். அந்தப் பையன் எனக்குக் கௌரவமாக இறங்க ஒரு வழி கொடுத்தான். அவ்வளவுதான் என் தியாகம்.

நிலா இருந்தது. ஒருவர் குதிரையைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் பையனைப் பிடித்துக்கொள்ள, நான் சிலிண்டரைச் சுமந்தேன். அரை மணிக்கு ஒரு தரம் நாடி, மூச்சு, சாச்சுரேஷன் மூன்றையும் நேரம் போட்டு எழுதினேன், கையுறையைக் கழற்றி எழுதினால் பேனா உறைந்திருக்கும், பென்சில்தான் எழுதியது. டிங்போச்சே தாண்டியதும் ஒரு சின்ன மேடு ஏறி இறங்கினால்தான் பெரிச்சே. இறங்க வேண்டிய நேரத்தில் ஏறுகிற அந்த இருபது நிமிஷம் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு நடந்தேன். போய்ச் சேரும்போது இரண்டு மணி.

அவனைப் படுக்கவைத்த பிறகு அங்கிருந்த டாக்டர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்றாள். சும்மா கேட்டிருப்பாள். "நாலு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் ரெஜிஸ்டரில் அவன் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதினாள். மாஸ்க்குக்குள்ளிருந்து பையன் பார்த்துக்கொண்டே இருந்தான். "தீதி பனி?" என்றான். அக்கா, நீங்களுமா என்று அர்த்தம். சிரித்தான் பார், இருமல் வந்துவிட்டது.

காலையில் ஆக்சிஜனோடு 88 வந்தது, அடுத்த நாள் இன்னும் கீழே அனுப்பினார்கள். மீதி நாள் கூலியை நாங்கள் எட்டுப் பேரும் போட்டுக் கொடுத்தோம். கொடுக்காவிட்டால் அது வெட்டுதான், கேட்டதற்குப் பயணத்தை நடத்தியவர்கள் வழவழவென்று ஏதோ சொன்னார்கள். மற்றவர்களில் ஐந்து பேர் உச்சி ஏறினார்கள். படம் அழகாக இருந்தது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளியங்கிரி சீசனில் அடிவாரத்தில் முதலுதவிக்கு ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தாயே, ஒரு வாரம் வருகிறேன். அங்கே உயரம் பிரச்சினை இல்லை, நெஞ்சு வலியை மறைத்துக்கொண்டு ஏழாவது மலை ஏறுகிறவர்கள்தான் பிரச்சினை. கயிற்றை வைத்துத் தூளி கட்டி ஆளைத் தூக்குகிற முறை ஒன்று கற்றுக்கொண்டேன், உன் தன்னார்வலர் பையன்களுக்குக் காட்டுகிறேன். நாற்பது அடிக் கயிறு இரண்டு வாங்கி வை, நைலான் வேண்டாம், கை அறுக்கும்.

இன்னொரு பாட்டில் பூண்டு ஊறுகாயும். முதல் பாட்டிலை நான் ருசி பார்க்கவே இல்லை.

உன்
ரூம்மேட்