மகளின் எலும்பும் கொலாஜன் பவுடரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றி வந்த கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் என் வீட்டுக்கு வந்தார்கள். "இந்தப் பவுடரை வாங்கிக் குடும்மா, பாப்பாவுக்கு எலும்பு கெட்டிப்படும்" என்று அக்கறையோடுதான் சொன்னார்கள். என் மகளுக்குப் பிறவியிலேயே எலும்பு எளிதில் முறியும் நோய் இருக்கிறது. ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்பது மருத்துவப் பெயர். கொலாஜன் பவுடரும் ஆட்டுக்கால் சூப்பும் இந்த நோயை ஏன் மாற்றாது என்பதை வாசகர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எலும்புக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்று கட்டுரை சொன்னது சரி. ஏன் அவ்வளவு என்பதை விட்டுவிட்டீர்கள். கொலாஜனில் மூன்று இழைகள், தலைக்குப் போடும் மூன்று கால் பின்னல் மாதிரி, ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன. இழைகள் நெருங்கும் நடுப்பகுதியில் இடம் மிகக் குறுகல். புரத இழைகளில் மணிபோல் கோக்கப்படும் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறிய கிளைசினால்தான் அங்கே அடங்க முடியும். அதனால் ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடந்தோறும் அது இருந்தே ஆக வேண்டும். இந்த முப்புரி அமைப்பை 1954-இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். தமிழ் நாளிதழில் வந்த கட்டுரையில் அவர்கள் பெயர் இல்லாதது எனக்கு வருத்தம்.

என் மகளின் மரபணு அறிக்கையில் ஒரு வரிதான் முக்கியம். கொலாஜனின் ஆல்ஃபா-1 என்ற வகை இழையில், கிளைசின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் செரீன் என்ற வேறோர் அமினோ அமிலம் இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்களில் அந்த ஒன்றுதான் பிசகு. செரீனும் சின்னதுதான், ஆனாலும் அந்த இடம் அதற்குப் போதாது. பின்னல் அங்கே வந்ததும் தடுமாறித் தாமதமாகிறது. ஒவ்வொரு பின்னலுக்கும் ஆல்ஃபா-1 இழை இரண்டு வேண்டும். ஆகவே அவளிடம் உள்ள இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்றுதான் பழுது என்றாலும், நான்கில் மூன்று பின்னல்களில் பழுதான இழை ஒன்றாவது சேர்ந்து, எலும்பு பலவீனமாகிவிடுகிறது.

எத்தனை கிராம் கிளைசின் கொடுத்து இதை மாற்றுவது? அவள் உடம்பில் கிளைசின் இல்லாமல் இல்லை. பருப்பு, மீன், முட்டையிலிருந்து கிடைக்கிறது. செரீனிலிருந்து உடம்பே செய்தும் கொள்கிறது. அவளுடைய பித்தநீரின் உப்புகள், ரத்தத்துக்கு நிறம் தரும் ஹீம், செல்களைக் காக்கும் குளுட்டாதையோன் எல்லாம் அதைக் கொண்டு ஒழுங்காகவே உருவாகின்றன. தண்டுவடத்தில் தசைகளை அடக்கிவைக்கும் சைகையும் கிளைசின்தான். எட்டிக்கொட்டையின் நஞ்சு அதை மறிப்பதால்தான் உடம்பு விறைத்து இழுக்கிறது. இந்த வேலைகள் எதிலும் என் மகளுக்குக் குறை கிடையாது. ஆனால் அந்த ஓரிடத்தில் செரீனை வை என்று மரபணு சொல்கிறது, செல்லும் வைக்கிறது.

கைக்குழந்தையாக இருந்தபோது, காலில் போட்டு எண்ணெய் தேய்த்து உருவிக் குளிப்பாட்டும் நேரத்தில் தொடை எலும்பு முறிந்தது. குளிப்பாட்டியவர் என் மாமியார். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் குளிப்பாட்டிய கை அது. நாங்கள் ஓடிய மருத்துவமனையில், "புள்ளைய யாரு கீழ போட்டது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வெண்விழியில் நீலம் பாய்ந்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. அதன் பிறகு அத்தை குழந்தையைத் தொடவே இல்லை. என்னிடமோ என் கணவரிடமோ இந்த மாற்றம் இல்லை, கரு உருவானபோது புதிதாக நேர்ந்தது, யார் கையாலும் வந்ததல்ல என்று மரபணு மருத்துவர் விளக்கிய பிறகுதான் பேத்தியை மறுபடி மடியில் வாங்கினார்.

அவளுக்கு உதவுகிற சிகிச்சை இருக்கிறது. எலும்பு கரைவதைக் குறைக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்தை டிரிப்பில் ஏற்றுகிறார்கள். தொடை எலும்புக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். பிசியோதெரபி நடக்கிறது. பிறவிக் குறை மாறவில்லை, ஆனால் எலும்பு முறிவது குறைந்திருக்கிறது. 2021-இல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையிலும் இந்த நோய் இடம்பெற்றிருக்கிறது. இப்படியிருக்க, பவுடர் விற்கும் ஒருவர் என்னிடம், "இதை ஆரம்பிச்சுட்டா டிரிப்பை நிறுத்திடலாம்" என்றார். எனக்கு விவரம் தெரியும், நிறுத்தவில்லை. தெரியாத ஒரு தாய் நிறுத்திவிடுவாளே என்றுதான் பதறுகிறேன்.

நலவாழ்வுப் பக்கத்தில் இந்த நோயைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். வெண்விழி நீலமாக இருந்து, சின்ன அடிக்கே எலும்பு முறியும் குழந்தையை உருவிக் குளிப்பாட்ட வேண்டாம், அக்குளில் பிடித்துத் தூக்க வேண்டாம், கணுக்காலைப் பிடித்து உயர்த்தித் துணி மாற்ற வேண்டாம் என்று எழுதுங்கள். குழந்தைகள் எலும்பு மருத்துவரிடமும் மரபணு மருத்துவரிடமும் காட்டச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களும் படிக்கும்படி எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
திண்டுக்கல்