அவளைப் பற்றிப் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் நாளிதழில் என் மனைவியின் நினைவஞ்சலி அறிவிப்பு வெளிவந்தது. படம், பெயர், பிறந்த நாள், மறைந்த நாள், அடியில் ஒரு வரி: ‘அன்பு மனைவி, பாசமிகு தாய், உற்ற தோழி.’ அந்த வரியை எழுதிக் கொடுத்தவள் என் மகள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதே பக்கத்தில் வந்திருந்த மற்ற பெண்களின் அறிவிப்புகளையும் படித்தேன். எல்லோருக்கும் கிட்டத்தட்ட இதே வரிதான். அவர்கள் ஒவ்வொருவரும் என்ன வேலை பார்த்தார்கள், எதைக் கண்டால் சிரிப்பார்கள், எதற்குக் கோபப்படுவார்கள் என்று எதுவும் தெரியவில்லை. என் மனைவியைப் பற்றியாவது கொஞ்சம் சொல்லிவிட வேண்டும் என்று அன்றே தோன்றியது. வாசகர்களிடம் ஒன்று கேட்கவும் வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவள் செவிலியர். முதலில் அறுவை சிகிச்சை வார்டு, பிறகு புற்றுநோய் வார்டு. கடைசியாகப் பல வருடங்கள், இனி குணமாக்க முடியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு வலியையும் மூச்சுத் திணறலையும் தணித்துப் பார்த்துக்கொள்ளும் பாலியேட்டிவ் கேர் பிரிவு. அந்தப் பிரிவுக்குப் போகப் பலர் தயங்கியபோது அவள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

சிசிலி சாண்டர்ஸ் என்ற பெயரை நான் அவள் வாயால்தான் முதலில் கேட்டேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செவிலியராகப் பயிற்சி பெற்றவர் அவர். முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனையில் சமூகப் பணியாளரானார். இறக்கப்போகிறவர்களின் வலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று பார்த்து, முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படிக்கப் போய் 1957-ல் டாக்டரானார். 1967-ல் லண்டனில், இறக்கும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். வலி வந்து நோயாளி கெஞ்சிய பிறகு மருந்து தருவது என்றிருந்த இடத்தில், வலி திரும்புவதற்கு முன்பே மணிக்கணக்குப்படி மார்பின் என்ற வலி மருந்தைத் தர வேண்டும் என்று வலியுறுத்தியவர். “கத்தட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று உட்கார்ந்திருப்பது சிகிச்சையே இல்லை” என்பாள் என் மனைவி. சாதாரணமாகக் குரலை உயர்த்தாதவள், இந்த ஒரு விஷயத்தில் யாராக இருந்தாலும் எதிர்த்துப் பேசுவாள்.

இன்னொரு விஷயத்திலும் அவளுக்குக் கோபம் வரும். நினைவில்லாமல் படுத்திருப்பவரின் கட்டிலருகே நின்று, “இனி ஒன்றும் இல்லை” என்று யாராவது பேசினால் அவரைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போய்விடுவாள். கண் திறக்காதவர்களிடமும் பெயர் சொல்லி, “இப்போது உங்களைத் திருப்பிப் படுக்க வைக்கப்போகிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். கேட்கும் திறன் கடைசிவரை இருக்கும் என்பது செவிலியர்களின் பழைய நம்பிக்கை. 2020-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹாஸ்பிஸில் இறக்கும் தறுவாயில் இருந்த சிலரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். நினைவிழந்து அசைவற்றுக் கிடந்தவர்களில் சிலருடைய மூளைகூட ஒலிகளுக்கு ஏற்ப மாறுவது அதில் தெரிந்தது. அவர்களுக்கு அது புரிந்ததா என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இருந்தாலும் அந்தச் செய்தியை அவள் எங்களை உட்காரவைத்து வாசித்துக் காட்டிய அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வேலையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேனே, வீட்டைப் பற்றிச் சொல்லவில்லையே என்று நினைக்க வேண்டாம். அவளிடம் இரண்டும் தனித்தனியாக இருந்ததில்லை. யாருடன் பேசினாலும் அவர்களுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். மகள் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா நாடி பார்க்கிறாள், உதடு அசைவதைக் கவனி என்று மகன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். இரண்டுமே உண்மை என்று நான் நினைக்கிறேன். மகன் ஒரு வருடம் தேர்வில் தோற்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, நான் ஏதேதோ அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் இரவுப் பணி முடிந்து வந்து, உடைகூட மாற்றாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “இன்றைக்கு எது ரொம்பச் சிரமமாக இருக்கிறது?” என்று மட்டும் கேட்டாள். நோயாளிகளிடம் தினமும் கேட்கிற அதே கேள்வி. எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் யாருக்கும் சொன்னதில்லை. எங்களுக்கும் சொன்னதில்லை.

அவளுக்கு வந்தது கணையப் புற்றுநோய். அது பெரும்பாலும் முற்றிய பிறகே தெரியவரும் நோய். ஸ்கேன் அறிக்கையை எனக்கு முன்பே அவள் படித்துவிட்டாள். வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தவளும் அவள்தான். பிறகு ஒரு மாலை எங்கள் மூவரையும் கூப்பிட்டு, வரப்போவதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பசி குறையும், அப்போது வற்புறுத்தி ஊட்டாதீர்கள், உடம்புக்கு அது தேவைப்படாது. உதட்டையும் வாயையும் ஈரப்படுத்தினால் போதும். தூக்கம் கூடிக்கொண்டே போகும். கையும் காலும் குளிரும், நிறம் மாறும். மூச்சு சில நேரம் நின்று நின்று வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். பார்க்கிற உங்களுக்குத்தான் அது பயமாக இருக்கும், அந்த நிலையில் எனக்கு அது பெரும்பாலும் தெரியாது. இவ்வளவையும் மாற்று ஆளுக்கு வார்டை ஒப்படைக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. அவள் சொல்லியிராவிட்டால் அந்தக் கடைசி இரவில் நாங்கள் பதறிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். மாறாக, மூவரும் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் பேசிக்கொண்டிருந்தோம். மரணத்தைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது என்று நினைக்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாக எழுதினேன்.

இப்போது நான் கேட்க வந்த விஷயம்.

அவள் போன பிறகு எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுகிறார்கள், அவளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நான் பேச்சை எடுத்தால் சட்டென்று வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள். எனக்கு வலிக்குமே என்ற நல்ல எண்ணம்தான், தெரிகிறது. ஆனால் அவர்கள் பேசாததால் நான் அவளை நினைக்காமல் இருந்துவிடப் போவதில்லை. தனியாக நினைத்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

துக்கத்துக்கு ஐந்து நிலைகள் உண்டு, கடைசியில் ஏற்றுக்கொள்ளும் நிலை வந்துவிடும் என்று படித்த நண்பர் ஒருவர் ஆறுதல் சொன்னார். மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-ல் அந்த ஐந்தையும் விவரித்தது, தங்களுக்குச் சாவு நெருங்கிவிட்டது என்று அறிந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்து. ஒருவரை இழந்து அழுகிறவர்களுக்கு அதைப் படிக்கட்டாக ஆக்கியது பிறகு நடந்தது. இதையும் அவள்தான் எனக்குச் சொல்லியிருந்தாள். இறந்தவர்மேல் வைத்த பற்றை மனம் மெல்ல மெல்ல விடுவித்துக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்று உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃப்ராய்ட் 1917-ல் ஒரு கட்டுரையில் எழுதினார். 1920-ல் அவருடைய மகள் சோஃபி இன்ஃப்ளுயென்சா காய்ச்சலில் இறந்தாள். அவள் உயிரோடிருந்தால் 36 வயது ஆகியிருக்கும் என்ற நாளில், 1929-ல், மகனை இழந்த ஒரு நண்பருக்கு ஃப்ராய்ட் கடிதம் எழுதினார். கடுமையான துக்கம் அடங்கும், ஆனால் அந்த இடத்தை எதனாலும் நிரப்ப முடியாது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும், நாம் விட மனமில்லாத அன்பைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள அதுதான் வழி என்ற பொருளில் எழுதியிருக்கிறார். கட்டுரை எழுதிய ஃப்ராய்டைவிட இந்தத் தகப்பன்தான் எனக்குச் சரியாகப் படுகிறார். 1990-களிலிருந்து துக்கத்தை ஆராய்கிறவர்கள் பலரும் இந்தப் பக்கம்தான் பேசுகிறார்கள். இறந்தவரோடு உள்ள உறவு வேறு வடிவில் தொடர்வது நோய் அல்ல, இயல்பு என்கிறார்கள்.

அந்த உறவு தொடர எனக்கு வேண்டியது அவளைப் பற்றிய செய்திகள். நான் அவளைக் கணவனாகத்தான் அறிவேன். பிள்ளைகளுக்கு வேறு ஒருத்தியைத் தெரியும், தோழிகளுக்கு இன்னும் வேறு ஒருத்தியை. அவர்கள் வாயைத் திறந்தால்தான் அவள் முழுதாகக் கிடைப்பாள்.

அப்படித் திறந்தவர்களில் முதல் ஆள் அவளுடைய பள்ளித் தோழி. பல வருடங்களுக்கு முன் தோழியின் மணவாழ்க்கை முறிந்தபோது, என் மனைவி இரவுப் பணி முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே அவர் வீட்டுக்குப் போவாளாம். “ஆறுதல் சொல்லவெல்லாம் அவளுக்குத் தெம்பு இருக்காது. வந்து என் சோஃபாவில் படுத்துத் தூங்குவாள். வீட்டில் இன்னொரு ஆள் மூச்சுவிடும் சத்தம் கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது” என்றார். வாரக்கணக்கில் இது நடந்திருக்கிறது. அந்த நாட்களில் டியூட்டி நீண்டுவிட்டது என்று என்னிடம் சொன்னாள். தோழியின் கஷ்டம் தோழியுடையது, அதைக் கணவனிடம்கூட எடுத்துச் சொல்லக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். அதைக் கேட்ட அன்று, இத்தனை வருடம் கூட வாழ்ந்தவள்மேல் எனக்குப் புதிதாக ஒரு மரியாதை வந்தது.

இரண்டாவது, அறிவிப்பில் படத்தைப் பார்த்துவிட்டு விசாரித்துக்கொண்டு வந்த ஒருவர். அவருடைய அப்பாவை என் மனைவி பார்த்துக்கொண்டாளாம். நள்ளிரவில் போன் செய்தால்கூட எடுத்து, அப்பாவை எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தலையணையை எங்கே கொடுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்வாளாம். போகிறபோக்கில் அவர், “அப்பாவுக்காக அவங்க பாடுவாங்க சார்” என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். வீட்டில் அவள் பாடி நாங்கள் மூவரும் கேட்டதே இல்லை. அவளோடு வேலை பார்த்தவர்களிடம் விசாரித்தேன். ஆமாம், நோயாளிகள் கேட்டால் பாடுவாள், குரல் சுமார்தான், ஆனால் வரிகளைத் தப்பில்லாமல் ஞாபகம் வைத்திருப்பாள் என்றார்கள். வீட்டில் ஏன் பாடவில்லை என்று கேட்க இப்போது அவள் இல்லை. ஆனால் பாடினாள் என்று தெரிந்ததே எனக்குப் பெரிய சொத்து. அந்த மனிதர் சங்கடப்பட்டுக்கொண்டு வராமல் இருந்திருந்தால் இது எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஆகவே வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த யாராவது இறந்து, அவரைப் பற்றி ஏதாவது நினைவிருந்தால், அந்த வீட்டுக்காரர்களிடம் சொல்லுங்கள். வருடங்கள் ஆகிவிட்டதே என்று யோசிக்காதீர்கள், நேரம் போகப்போகத்தான் சொல்ல வருகிறவர்கள் குறைகிறார்கள். ‘நல்ல மனுஷி’ என்பதோடு நிறுத்தாமல், அவர் என்ன செய்தார், என்ன சொன்னார் என்று ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். கேட்கிறவர் அழுதால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு அன்று கேட்க முடியாது, அவரே கை காட்டிவிடுவார். வேறொரு நாள் சொல்லலாம்.

ஆசிரியர் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள் அரைப் பத்தி இடம் கொடுங்கள். மறைந்த சாதாரண மனிதர் ஒருவரைப் பற்றி, அவரை அறிந்தவர் ஒரு சம்பவம் எழுதட்டும். கட்டணம் வைத்தாலும் சரி.

அவள் வார்டில் இருந்தவர்களோ அவர்களுடைய வீட்டாரோ இதைப் படித்தால், அவள் என்னென்ன பாட்டுகள் பாடினாள் என்று நினைவிருப்பதை எழுதி அனுப்புங்கள். பல்லவி மட்டும் போதும். மகள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறாள். உங்கள் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களை எனக்கு அனுப்பிவைத்தால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்