எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைக்காதே

தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகெல்லாம் கடலுக்குப் போய்விட்டது. கச்சான் காற்று ஓயாமல் அடிக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பாம்பன் புதுப் பாலத்தில் ரயிலில் போய் வந்தோம், அதை அப்புறம் எழுதுகிறேன்.

நீ அங்கே லைசென்ஸ் எடுத்து பழைய 303 ரைபிள் வாங்கியிருக்கிறாயாம், அதன் மரக்கட்டைக்குப் பாலிஷ் போடப் போகிறாயாம். அம்மா போனில் படம் காட்டினாள். டொரன்டோ பக்கம் லாங் பிராஞ்சில் யுத்த காலத்தில் செய்த நம்பர் 4 ரகம் என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். நல்ல சாமான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பட்டாளத்தில் 15 வருஷம் எஸ்.எல்.ஆர். ரைபிள் கட்டைக்கு எண்ணெய் தேய்த்த கை இது.

முரட்டு உப்புத்தாளை எடுக்காதே. கட்டையில் குத்தியிருக்கும் முத்திரை அழிந்தால் திரும்ப வராது. கட்டையின் பின்முனையில் தகடு உட்காரும் இடத்தில் தேய்த்தால் மரம் தகட்டைவிடத் தாழ்ந்துபோகும். அமுங்கிய இடத்தில் ஈரத்துணி வைத்து அயர்ன் பாக்ஸால் ஒற்று, ஆவி ஏறி மரம் உப்பி வரும். சாயத்தை முதலில் உள்பக்கம் தடவிப் பார். பிறகு ஆளிவிதை எண்ணெய், காய்ச்சியது. நாலு சொட்டு போதும். உள்ளங்கை சூடேறும்வரை தேய், மிச்சத்தைத் துடைத்துவிடு. ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துப் போடு, இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கி வை. அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தீக்குச்சி வேண்டாம். குழந்தை இருக்கிற வீடு. சுருட்டி மட்டும் வைக்காதே.

தம்பி, நீ ஏழாவது படிக்கும்போது நம் ஓலைக்கொட்டகை எரிந்ததே, அது நீ செய்ததில்லை. பேங்க் கன்மேன் வேலைக்கு வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு அன்று காலையில்தான் எண்ணெய் போட்டேன். துணியைப் பந்தாகச் சுருட்டிப் பெஞ்சுக்கு அடியில் வைத்தது நான். சாயங்காலம் அந்த மூலைதான் அடிவரை கரிந்து கிடந்தது. உன் டவுசர் பையில் தீப்பெட்டி இருந்ததைப் பார்த்தேன், வேறெதையும் யோசிக்கவில்லை. தெருவே பார்க்க பெல்ட்டால் அடித்தேன். "நான் இல்லப்பா" என்று ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தாய்.

நாலு வருஷம் கழித்து, பேங்க் கவுண்டருக்கு எண்ணெய் போட வந்த ஆசாரி துணிகளைச் சுவர் நெடுக விரித்து வைத்தார். ஏன் என்று கேட்டேன், சொன்னார். கால் நடுங்கி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பட்டாளத்திலும் துணியை விரித்துப்போடத்தான் சொன்னார்கள், காரணம் கேட்கவில்லை நான். அன்று ராத்திரியே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ பிளஸ் ஒன் படித்தாய், வீட்டில்தான் இருந்தாய். வாய் வரவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நீ அவளோடு மட்டும் பேசி போனை வைக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

முதல் பூச்சு முடிந்ததும் துணியைக் கொடியில் விரித்துப் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. அம்மா நம்பருக்கு வேண்டாம், என் நம்பருக்கு அனுப்பு.

அப்பா
மண்டபம்