சொட்டிய பம்புக்காக ஓடி வந்தவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவாரிலும் அதைச் சுற்றியும் எனக்குக் கைகொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

பெயர் போட்டு எழுதினால் கோபித்துக்கொள்கிற ஆட்கள் இவர்கள். அதனால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கிறபோதே யார் யாரென்று தெரிந்துவிடும். நம் ஊர் அவ்வளவு பெரிய ஊரா என்ன!

தோட்டத்து ஆபீசில் 31 வருஷம் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக வேலை பார்த்துவிட்டு, கையில் வந்த பணத்தில் கொஞ்சம் எடுத்து அக்கா மகனோடு கூட்டாக ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினேன். ஒட்டுக்கடையில் "கிராணி கப்பல் வாங்கிட்டாரு" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். 27 அடிப் படகு, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். பாய் இருக்கும்போது இன்ஜின் எதற்கு என்று கேட்பவர்கள் மலாக்கா நீரிணைக்கு ஒருமுறை வந்து பார்க்கவேண்டும். பாதி நாள் காற்றே இருக்காது. இருந்தால் விடியற்காலையில் சுமத்திரா பக்கமிருந்து ஒரேயடியாக வந்து அறையும். இன்ஜின் இல்லாமல் லூமுட் துறையிலிருந்து பங்கோர் தீவுக்குப் போய்த் திரும்புவதற்குள் சோறு ஊசிப்போகும்.

அந்த இன்ஜினைக் குளிர வைப்பது கடல் தண்ணீர். அதை உறிஞ்சி உள்ளே தள்ளுவது முன்பக்கம் பெல்ட்டில் ஓடுகிற ஒரு சின்னப் பித்தளைப் பம்பு. உள்ளே ரப்பர் இதழ்கள் வைத்த ஒரு சக்கரம், இம்பெல்லர் என்பார்கள். கூட்டின் ஒரு பக்கம் மட்டும் மேடு தட்டியிருக்கும். இதழ்கள் அந்த இடத்தில் மடங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும், தாண்டியதும் விரிந்து புதுத் தண்ணீரை இழுக்கும். அவ்வளவுதான் வேலை. அது நின்றால் கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சூடேறிவிடும்.

இந்தப் பம்பு இரண்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். பார்த்தும் சும்மா இருந்தேன். காரணம் என் அரைகுறை அறிவு. படகின் பின்னால் விசிறித் தண்டு வெளியே போகிற இடத்தில், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க, கயிறு சுற்றிய கிளாண்ட் இருக்கிறது. அது ஓடும்போது ஒன்றிரண்டு சொட்டு விழத்தான் வேண்டும், விழாவிட்டால் கயிறு காய்ந்து தண்டைத் தின்றுவிடும். இதை யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். அதே கணக்கை முன்னால் இருந்த பம்புக்கும் போட்டுவிட்டேன். கணக்குப்பிள்ளை போட்ட தப்புக் கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்கோரிலிருந்து திரும்பும்போது காற்று செத்தது. இன்ஜினை முடுக்கினோம். கால்மணி நேரத்தில் ரப்பர் வாடை. பின்னால் எக்ஸாஸ்டில் தண்ணீர் துப்புவது குறைந்து வெள்ளை ஆவி கிளம்பியது. மூடியைத் திறந்தால் பம்பிலிருந்து விழுந்த உப்புத் தண்ணீரைப் பெல்ட் வாரி ஆல்டர்னேட்டர் மேல் இறைத்துக்கொண்டிருந்தது. பெல்ட் நனைந்து வழுக்குகிறது, பம்பு மெதுவாகச் சுற்றுகிறது, பேரிங் கிறீச்சிடுகிறது. அணைத்துவிட்டோம். நீரோட்டம் எங்களை அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது.

முதல் நன்றி, வலையைப் பாதியில் சுருட்டிவிட்டு வந்து எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் லூமுட்டில் விட்ட மலாய்க்கார மீனவருக்கு. பணம் நீட்டினேன். "தா பாயா லா, அனே", வேண்டாம் அண்ணே என்று கயிற்றை அவிழ்த்துத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் ஒரு டின் முறுக்கோடு படகுத்துறையில் காத்திருந்துதான் அவரைப் பிடிக்க முடிந்தது. முறுக்கை வாங்கிக்கொண்டார். அன்று விட்ட மீனுக்கு அது ஈடாகாது என்று எனக்குத் தெரியும்.

பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை. தண்ணீர் அதன் வழியாகத்தான் வந்தது. மருமகனும் நானும் நன்றாகத் துடைத்துவிட்டு அதை எபோக்சி பசையால் அடைத்துவிடுவது என்று முடிவே செய்துவிட்டோம். நல்லவேளை, பசை வாங்கக் கடைத்தெருவுக்குப் போன வழியில் செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கிற பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவரைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டினார்.

"கிராணியாரே, அது ஒடஞ்ச ஓட்ட இல்ல. வச்ச ஓட்ட. கழட்டி எடுத்தாங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமான மடல்.

அவர் வீட்டு முன்வாசல் அஞ்சடியில் பழைய தமிழ்ப் பேப்பரை விரித்துப் பம்பைப் பிரித்தார். உள்ளே இரண்டு சீல். ஒன்று கடல் தண்ணீரைத் தடுக்க, மற்றது பேரிங்கைக் காக்க. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி, அங்கிருந்து கீழே அந்த ஓட்டை. முன் சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே விழட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். கிளாண்ட் கயிறு சொட்டவேண்டும், இந்தச் சீல் ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது. விட்டால் அது புகார் மனு. நாங்கள் அடைத்திருந்தால் புகார் நின்றிருக்கும், பேரிங் மொத்தமாகப் போயிருக்கும். ஏற்கெனவே உப்பு அடைத்துப் பாதி மூடித்தான் இருந்தது. அதனால் பேரிங்கில் கிரீசும் துருவும் கலந்து சம்பல் மாதிரி வழிந்தது. பேரிங் ஆடியதால் தண்டு ஆடி, தண்டு ஆடியதால் சீல் இன்னும் கிழிந்து, ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டிருக்கின்றன.

தண்டைத் துடைத்து என் கையில் கொடுத்து, "நகத்த வச்சு இழுத்துப் பாருங்க" என்றார். சீல் உட்கார்கிற இடத்தில் நகம் டக்கென்று மாட்டியது. ரப்பர் உதடுதான், ஆனால் உப்பும் மணலும் சேர்ந்தால் இரும்பைக்கூட அறுத்து வரி போட்டுவிடும். நகம் மாட்டினால் புதுச் சீல் போட்டும் பயனில்லை என்றார். வரி லேசாக இருந்திருந்தால் சீலை ஒரு மில்லி தள்ளி அடித்து, தேயாத இடத்தில் உட்கார வைத்திருக்கலாமாம். எங்களுடையது அதைத் தாண்டிவிட்டது.

புதுப் பம்புக்கு விசாரித்தேன். சொன்ன விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளே வாங்கலாம். பெரியவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சித்தியவான் டவுனுக்குப் போகச் சொல்லி ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்: பேரிங் 6202 இரண்டு, சீல் 15 30 7 இரண்டு.

இரண்டாவது நன்றி அந்தப் பேரிங் கடை முதலாளி தௌக்கேயின் மனைவிக்கு. பேரிங்கை எடுத்து வைத்தார், சீலை எடுத்து வைத்தார், பில் எழுதப் போனவர் எங்கே மாட்டுகிறீர்கள் என்று கேட்டார். படகு என்றேன். "ஆயர் மாசின் கா?" உப்புத் தண்ணீர்தான் என்றதும் எடுத்து வைத்த சீலைத் திரும்ப டிராயரில் போட்டுவிட்டு ஏணி போட்டு மேலே ஏறினார். சீலின் உதட்டைச் சுற்றி ஒரு மெல்லிய ஸ்பிரிங் இருக்கிறது. சாதாரணச் சீலில் அது இரும்பு, கடல் தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடித்து அறுந்துவிடும். ஸ்டெயின்லஸ் ஸ்பிரிங் போட்டது அவரிடம் இரண்டே இரண்டு இருந்தது. என்னிடம் பேசாமல் முதல் சீலையே விற்றிருக்கலாம், எனக்கு என்ன தெரியும்? ஆயர் தாவார் என்றால் மலாயில் நன்னீர். நன்னீர் ஊர்க்காரனுக்கு உப்புத் தண்ணீரின் குணத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொம்பியா ரொட்டியும் கட்டிக் கொடுத்தார்.

தண்டை 316 ஸ்டெயின்லஸ் கம்பியில் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரருக்கும் நன்றி. இரண்டு நாள் சொன்னார், இரண்டே நாளில் கொடுத்தார்.

இம்பெல்லரைப் பார்த்ததும் பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "ஆறு எதழ்ல ஒன்னு பாதிதான் இருக்கு. மீதி எங்க?" நாங்கள் முழித்தோம். பிய்ந்த ரப்பர் காணாமல் போகாது, தண்ணீர் போகிற வழியில் எங்காவது போய் அடைத்துக்கொண்டு நிற்கும். மருமகன் அன்று சாயங்காலமே லூமுட்டுக்குப் போய், வேலைக்களைப்போடு படகுக்குள் தலைகீழாகத் தொங்கி, கடல் தண்ணீர் இன்ஜின் சூட்டை வாங்கிக்கொள்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயைத் திறந்து தோண்டினான். எங்கள் துண்டு கிடைத்தது. கூடவே கல்லாக இறுகிய இன்னும் இரண்டு துண்டுகள், எங்களுக்கு முந்தின சொந்தக்காரர் காலத்துச் சொத்து. தம்பி, உன் முதுகு வலிக்கு மாமா பொறுப்பு.

கடைசியில் கேஸ்கட். பம்பின் மூடிக்கு வைக்கிற காகிதம் மெல்லியதாக இருக்கவேண்டும். தடித்துவிட்டால் இதழுக்கும் மூடிக்கும் நடுவே சந்து விழுந்து பம்பு சரியாக உறிஞ்சாது. நான் வெட்டிய மூன்றும் கோணல். ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த என் வீட்டம்மா எழுந்து வந்து, காகிதத்தைப் பம்பின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து விளிம்பை எடுத்து, தன் கத்தரியால் ஒரே சுற்றில் வெட்டி, ஆறு திருகு ஓட்டைகளையும் துணிக்கு ஐலெட் ஓட்டை போடுகிற கருவியால் குத்திக் கொடுத்தாள். படகு வாங்கியதில் இன்றுவரை அவளுக்குச் சம்மதமில்லை என்பதையும் இங்கே பதிவு செய்யச் சொன்னாள். செய்துவிட்டேன். இம்பெல்லரை வழுக்கி உள்ளே இறக்கப் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் அவள் அடுப்படியிலிருந்துதான் போனது. கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிவிடும் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பொருத்துகிற அன்று பெரியவரும் வந்தார். ஆலையில் எத்தனையோ பம்பைப் பிரித்துப் பூட்டியவர், படகில் கால் வைத்தது அன்றுதான். கடல் தண்ணீர் வால்வை மூடிய கையோடு இன்ஜின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டச் சொன்னார். வால்வைத் திறக்க மறந்து இன்ஜினை முடுக்கினால் புது இம்பெல்லர் காய்ந்து கருகிவிடும், சாவியை எடுக்கப் போனால்தான் வால்வு ஞாபகம் வரும். முடுக்கினோம். பின்னால் தண்ணீர் குபுக் குபுக்கென்று துப்பியது. பெரியவர் டிஷ்யூ ஒன்றை மடித்து அந்த வச்ச ஓட்டைக்குக் கீழே வைத்துவிட்டு 20 நிமிஷம் குந்தியே இருந்தார். டிஷ்யூ நனையவில்லை.

முழுச் செலவு 210 வெள்ளி (ரிங்கிட்). அதில் பெரியவர் கூலி ஒரு காசும் இல்லை, கேட்டால் முறைக்கிறார். பழைய தண்டை மட்டும் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். எதற்கென்று சொல்லவில்லை. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், அவர் வீட்டுக் கேட்டுக்குத் தாழ்ப்பாளாக இருக்கிறது.

இப்படிக்கு,
கப்பல் கிராணி